உசந்த டம்ளர் மோர்

தப்பாகப் பதில் சொன்ன பிள்ளைக்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுக்கிற டீச்சரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார். பேர் எதற்கு? ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. என் மாமனார் முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் டீச்சர். எனக்கு மட்டும் டீச்சரக்கா. அவருக்கு நான் தங்கச்சி.

ஊர் விஸ்வநத்தத்துக்குப் பக்கம். ஒரு திசையில் கரிசல் காடு, பருத்தி, கம்பு. மறுதிசையில் தீப்பெட்டி கம்பெனி, வெடி கம்பெனி. மழை பெய்த வருசம் நாங்கள் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள். பெய்யாத வருசம் எங்கள் வீட்டுப் பெண்டுபிள்ளைகள் கம்பெனி ஆட்கள். நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் ஒண்ணாம் கிளாஸ் எடுக்க நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர் அவர்.

நாற்பதைத் தொட்ட வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று வாய் கூசாமல் கேட்கிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். "எனக்குக் கீழ தம்பி தங்கச்சி ஒரு பட்டாளம். அதுகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டு நிமிந்து பாத்தேன், மாப்பிள்ளைமாரெல்லாம் கிழவனாயிட்டாக" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு முதலில் ஒன்று, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று, அப்புறம் விடாமல் படபடவென்று வரும். பயல்கள் சரவெடி டீச்சர் என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதில் விழுந்த அன்றைக்கும் சரவெடிதான்.

அவர் தோள்பையில் குடை இருக்குமோ இருக்காதோ, இரண்டு பித்தளைக் கிண்ணமும் ஒல்லியாக உசந்த ஒரு டம்ளரும் கட்டாயம் இருக்கும். கிண்ணம் இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் மோரைச் சரிசமமாக ஊற்றுவார். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கா?" என்று பிள்ளையைக் கேட்பார். பிள்ளை தலையாட்டின பிறகு, ஒரு கிண்ணத்து மோரை அப்படியே உசந்த டம்ளரில் சாய்ப்பார். டம்ளர் ஒல்லி என்பதால் மோர் விறுவிறுவென்று மேலே ஏறி நிற்கும்.

"இப்ப எதுல கூட இருக்கு?"

ஐந்து வயசுப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையானாலும் டம்ளரைத்தான் காட்டும்.

"எப்படிலே சொல்றே?"

"உசரமா இருக்குல்ல டீச்சர்!"

அவ்வளவுதான், சரவெடி பற்றிக்கொள்ளும். பிள்ளையைத் தூக்கி ஒரு முத்தம், பைக்குள்ளிருந்து ஒரு கருப்பட்டி மிட்டாய். பிள்ளையும் என்னவோ பெரிசாகச் சாதித்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும்.

எனக்கு முதலில் இது பொறுக்கவில்லை. நான் கொஞ்சம் வாய்க்காரி. மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "ஏங்க்கா, தப்பாச் சொன்ன பிள்ளையைத் தலையில ஒரு குட்டு வச்சுத் திருத்தாம, முட்டாய் குடுத்துக் கொஞ்சுறீகளே, இது எந்த ஊரு நியாயம்?" என்று கேட்டுவிட்டேன்.

"தப்பா?" என்று கண்ணை அகல விரித்தார். "காய் பச்சையா இருக்கிறது தப்பா தங்கச்சி? ஏழு எட்டு வயசு ஆகட்டும். நீ அடிச்சுக் கேட்டாலும் இந்தப் பதிலைச் சொல்ல மாட்டான். 'ஊத்துனது அதே மோருதானே டீச்சர், உங்களுக்குக் கிறுக்கா'ன்னு என்னையே கேப்பான். அந்த வயசு போறதுக்குள்ள நான் இதைக் கேட்டுக்கிட வேணாமா?"

அதுதான் அவர். எந்தப் பிள்ளையையும் அவசரப்படுத்த மாட்டார். பாளையங்கோட்டை டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்தத் தம்பி தங்கச்சிப் பட்டாளத்தை வளர்த்ததில் கண்டுகொண்டாரோ, நான் கேட்டதில்லை. மனுசருக்கு வயசு என்பது வருசக் கணக்கு இல்லை என்பார். ஒவ்வொரு வயசுக்கும் அவரே ஒரு பேர் வைத்திருந்தார். என் கடைசிப் பயலுக்கு அப்போது இரண்டு நடந்தது. சோறு என்றால் மாட்டேன், குளிக்க என்றால் மாட்டேன், தூங்கு என்றாலும் மாட்டேன். நான் விளக்கமாற்றைத் தூக்கினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "அடிக்காத தங்கச்சி, அவனுக்கு மாட்டேன் வயசு நடக்குது! தானும் ஒரு ஆளுன்னு இப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"அவுக அப்பாவுக்கும் அதே வயசுதான்க்கா நடக்குது" என்பேன் நான். அங்கே சிரிப்பு ஆரம்பித்துவிடும்.

என் வீட்டுக்காரரை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பிள்ளைகளோடு பிள்ளையாக அவரையும் உட்காரவைத்து, மோருக்குப் பதில் பாயசத்தை ஊற்றி டீச்சரக்கா அதே கேள்வியைக் கேட்டார். மனுசன் காலையிலிருந்து பந்தல் வேலை பார்த்துக் காய்ந்துபோய் இருந்தவர். யோசிக்கவே இல்லை, உசந்த டம்ளரைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. மீசை வைத்த ஆள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். டீச்சரக்காதான் காப்பாற்றினார். "பசி வந்தா எல்லாருமே அஞ்சு வயசுதான். குடிங்க தம்பி" என்றார்.

பெரிய ஆட்களின் வயசையும் அவர் விட்டுவைக்கவில்லை. கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்கிற எளவட்டப் பயலுக்கு 'நான் யாரு' வயசு. கட்டிலில் கிடந்து பழைய கதையே பேசுகிற என் மாமனாருக்குத் திரும்பிப் பாக்கிற வயசு. "அவுக சொல்றதைக் காது குடுத்துக் கேளு. சரியாத்தான் வாழ்ந்திருக்கோம்னு அவுகளுக்கு ஒரு சாட்சி வேணும்ல" என்பார். நான் பருத்தியில் செத்தை பொறுக்கிக்கொண்டே கேட்பேன். கிழவர் அதே காளை வாங்கின கதையை நூறாவது தடவை சொல்வார். ஆனாலும் சாட்சி சொல்ல ஆள் இருக்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது.

அப்புறம் அந்தச் சைக்கிள் கதை. நாற்பது வயசில் ஒரு நாள் வாடகைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார்! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, நாலு தடவை விழுந்து, ஐந்தாவது தடவை நேரே எங்கள் பருத்திக் காட்டுக்குள் போய்விட்டார். பின்னாலேயே ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடின. முழங்கை சிராய்த்து, தலையெல்லாம் பருத்திச் செத்தையோடு எழுந்து வந்தவரைப் பார்த்து, "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாக்கா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"சின்னதுல எங்கப்பா சைக்கிளைத் தொட விடலை தங்கச்சி. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குன்னுட்டாக. அந்த வயசு எனக்குப் பாக்கி நின்னுபோச்சு. பாக்கி நின்ன வயசு எங்கயும் போகாது, உள்ளதான் உக்காந்திருக்கும். என்னிக்காவது எந்திரிச்சு வந்து கேக்கும். கேக்கும்போது குடுத்திரணும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் ஏறினார். அடுத்த மாதமே பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்துவிட்டார். மணி அடித்துக்கொண்டே போவார், எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் என் மகள் பேச்சியின் கை விவகாரம் வந்தது.

அப்போதெல்லாம் பிறந்த தேதி எங்கள் வீடுகளில் யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரே கணக்குத்தான். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய் இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஐந்து வயசு முடிந்தது என்று அர்த்தம். தொடாவிட்டால் அடுத்த வருசம் வா. பேச்சிக்கு ஆறு வயசு. எனக்குத் தெரியும், பெற்றவள் நான். ஆனால் பிள்ளை வளர்த்தியில்லாமல் நறுங்கலாகப் போய்விட்டாள். கை உச்சந்தலையைத் தாண்டி இறங்காது. போன வருசமே ஹெட்மாஸ்டர், "அடுத்த வருசம் எட்டிரும், கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவள் தலையைத் தடவி, "அழுவாத தாயி, அடுத்த வருசம் எட்டிரும்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

இந்த வருசமும் எட்டாவிட்டால் அடுத்த வருசம் என்பதே கிடையாது. என் வீட்டுக்காரருக்கு அண்ணன், நாங்கள் பெரியவர் என்போம், அவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம். இரண்டு வருசம் மழை இல்லை. அவருடைய மகள் சீனியம்மா ஏற்கெனவே தீப்பெட்டி கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கட்டையில் வரிவரியாகக் குழி இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைச் செருகவேண்டும். அதற்குச் சின்ன விரல்தான் வாகு. "பள்ளிக்கூடத்துல சேத்தாச் சேரட்டும், இல்லைன்னா சீனியம்மா கூடப் போகட்டும். கம்பெனில சொல்லி வச்சிட்டேன்" என்று பெரியவர் முடித்துவிட்டார். கம்பெனிக்குப் போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் கை எட்டவில்லை என்கிறது, கம்பெனி கை சின்னதாக இருக்கிறதே என்று கூப்பிடுகிறது. என் பிள்ளை கை என்ன பாவம் செய்தது என்று எனக்குக் கொதித்தது.

அண்ணன் சொன்னால் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார். மற்ற நேரமெல்லாம் மாட்டேன் வயசு, அண்ணன் முன்னால் மட்டும் சரி வயசு. எனக்கும் பெரியவர் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. என்ன செய்வேன்? விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தினமும் பேச்சியின் கையில் தேய்த்துத் தேய்த்து இழுத்தேன். அவள் வீல் என்று கத்த, டீச்சரக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, புடலங்காய்க்குக் கல்லு கட்டுறியா?"

"கல்லு கட்டுனாத்தான்க்கா புடலங்காய் நேரா நீளும்."

"புடலங்காய்க்கு நோவாது. இவளுக்கு நோவுதே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க நினைச்சா முடியும்க்கா. எட்டிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க சொல்லை ஹெட்மாஸ்டர் தட்ட மாட்டாக" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எட்டாததை எட்டுச்சுன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி. பிள்ளைக்கு முன்னாலயே பொய் சொல்லி அவளை உள்ள கூட்டிட்டுப் போனா, அப்புறம் அவ என்னை எப்படி நம்புவா? ஆனா பள்ளிக்கூட வயசு கையிலயா இருக்கு? அது எங்கன இருக்குன்னு அன்னிக்குப் பாப்போம்" என்றார். எனக்கு ஒரே கோபம். பிள்ளை பிழைப்பு போகப்போகிறது, இவர் வேதம் பேசுகிறாரே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எண்ணெய் தேய்ப்பதையும் நான் விடவில்லை.

சேர்க்கை நாள் வந்தது. ஆனி மாசக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பேச்சியை நானும் என் வீட்டுக்காரரும் கூட்டிப் போக, பெரியவர் தலைப்பாகையோடு எங்கள் கூடவே வந்தார். கை எட்டாவிட்டால் பேச்சியைக் கையோடு கூட்டிப் போவதற்குத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியாதா? நான் பேச்சியின் தலையைப் படியப் படிய வாரி, கொண்டையை வேறு பின்னால் இறக்கிப் போட்டிருந்தேன். தலை கொஞ்சம் சின்னதாகட்டுமே!

ஹெட்மாஸ்டர் நல்ல மனுசர்தான், ஆனால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே வேர்க்கும். "கையைத் தூக்கு தாயி" என்றார். பேச்சி தூக்கினாள். மூச்சைப் பிடித்தாள். நாக்கைக் கடித்தாள். விரல் நுனி காதுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"எட்டலையே" என்றார் ஹெட்மாஸ்டர். "வீட்டுப் பெரியவுக யாராவது இவளுக்கு வயசு இன்னதுன்னு சத்தியமாச் சொன்னா எழுதிக்கிடலாம்." பெரியவரைப் பார்த்தார். பெரியவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சரக்கா பையைத் திறந்தார். கிண்ணம் வந்தது, டம்ளர் வந்தது, மோர் வந்தது. "இப்ப எதுல கூட இருக்கு பேச்சி?"

என் மகள், என் தங்கம், யோசிக்காமல் உசந்த டம்ளரைக் காட்டினாள். போச்சு என்று நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"பாத்தீகளா சார்!" என்று டீச்சரக்கா கைதட்டினார். மிட்டாயும் கொடுத்தார். "சுத்தமான ஒண்ணாம் கிளாஸ் பதில்! சரியாச் சொல்லியிருந்தா மூணாம் கிளாசுக்கில்ல அனுப்பணும்?"

"எல்லாம் சரி டீச்சர், இன்ஸ்பெக்டர் கை எட்டுதான்னுதானே கேப்பாக, மோரையா கேப்பாக?" என்று ஹெட்மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப அந்தக் கை கணக்கையும் பாத்திருவோம். எட்டுறவுக எல்லாம் ஒண்ணாம் கிளாஸ்தானே? நீங்க தொடுங்க சார்." அவர் தொட்டார். என் வீட்டுக்காரரைத் தொடச் சொன்னார், தொட்டார். சேர வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு ஒரே கும்மாளம். அந்த வேகத்தில் டீச்சரக்கா திரும்பி, "பெரியவரே, நீங்களும் ஒரு தடவை தொட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

டீச்சரக்காவுக்கு விசயம் தெரியாது. கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது வடம் அறுந்து விழுந்ததிலிருந்து பெரியவருக்கு வலது தோள் தூக்க வராது. தலைப்பாகைகூட வீட்டில் கட்டிவிட்டால்தான். வெளியில் யாருக்கும் தெரியவிடாமல் வீராப்பாக நடந்துகொண்டிருந்தவர். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஊர் பார்க்கும்போது அவர் எப்படிச் சொல்வார்? கையைத் தூக்கினார். தோள் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கினார். தலைப்பாகை விளிம்பில் விரல் பட்டு அங்கேயே நின்றது.

கும்மாளம் அடங்கிப்போனது. டீச்சரக்காவுக்குப் புரிந்து, முகம் செத்துவிட்டது. பெரியவர் கண் சிவந்து கலங்கி, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

பேச்சி மெதுவாக அவரிடம் போனாள். வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அழுவாதீக பெரியப்பா" என்றாள். "அடுத்த வருசம் எட்டிரும்."

சொல்லிவிட்டு, பாதி சப்பின கருப்பட்டி மிட்டாயை அவர் கையில் வைத்தாள்.

பெரியவர் மிட்டாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். அந்த மனுசன் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"சார்" என்றார் டீச்சரக்கா. "அடுத்தவுக முகம் வாடுறது இவளுக்குத் தெரியுது. தன் கையில இருக்கிறதைக் குடுக்கத் தெரியுது. பள்ளிக்கூட வயசுன்னா வேற என்னங்க சார்?"

ஹெட்மாஸ்டர் பதில் சொல்வதற்குள் பெரியவர் முன்னால் வந்தார். "எழுதிக்கிடுங்க. ஆறு வயசு. ஆத்துல பெருவெள்ளம் வந்ததுக்கு மறுவருசம் பிறந்தவ. சத்தியமாச் சொல்றேன், நான் அவ பெரியப்பன்" என்றார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் டீச்சரக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்த பெரியவரிடம், "தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கிடுங்க" என்று கையைக் கூப்பினார். "அட விடுங்க டீச்சரம்மா, பிள்ளை ஆறுதல் சொல்லிட்டா" என்றார் அவர். போகும்போது டீச்சரக்கா என் காதில், "அவுகளுக்கு ஊட்டி வளக்கிற வயசு நடக்குது தங்கச்சி. ஊட்டத் தெரியாமத்தான் இம்புட்டு நாளும் அதட்டிக்கிட்டு இருந்திருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விளக்கெண்ணெய்ச் சட்டியைப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பினேன். என் ஓரகத்தி தினமும் அவர் தோளுக்குத் தேய்த்துவிட்டாள். பிள்ளைக்கு எட்டாத எண்ணெய் பெரியப்பனுக்காவது எட்டட்டும் என்றுதான்.

அந்த வருசம் மழையும் பெய்தது. அடுத்த ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் பேச்சிக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். பெரியவர் வாசலில் நிற்கிறார். கைப்பிடியில் சீனியம்மா. பத்து வயசு, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். விரல் நுனியில் பெட்டி ஒட்டின பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"கை எட்டுதான்னு பாக்க வேணாம் டீச்சரம்மா" என்றார் பெரியவர். "காதைத் தாண்டித் தாடைக்கே போகுது. பிந்திட்டேன். சேத்துக்கிடுவீகளா?"

"வந்துட்டாள்ல, அப்புறம் என்ன பிந்துறது?" என்றார் டீச்சரக்கா. பை திறந்தது. கிண்ணமும் டம்ளரும் வந்தன. மோரைச் சாய்த்து, "எதுல கூட இருக்கு சீனியம்மா?" என்றார்.

சீனியம்மா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். கம்பெனில பசை ஊத்திப் பாத்திருக்கேன். எந்தச் சட்டில ஊத்துனாலும் பசை கூடிராது. கூடுனா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

சரியான பதில். டீச்சரக்கா சிரிக்கவில்லை. அந்த உரிந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் ஹெட்மாஸ்டரிடம், "பதில் மூணாம் கிளாஸ்தான் சார். எழுத்தைச் சீக்கிரம் பிடிச்சிருவா. ஆனா கொஞ்ச நாளைக்கு என் கிளாஸ்ல இருக்கட்டும். இவளுக்கு ஒரு வயசு பாக்கி நிக்குது. அதைக் குடுத்துட்டு அனுப்புறேன்" என்றார்.

அந்த நெட்டச்சி ஒண்ணாம் கிளாஸ் பொடிசுகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். முதல் நாள் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாம் நாள், எழுதிப் பழகப் பரப்பியிருந்த மணலில் கையை வைத்தாள். புளியங்கொட்டையை எடுத்து, விளையாடத் தெரியாமல் வரிவரியாக அடுக்கி வைத்தாள், கம்பெனியில் குச்சி அடுக்குகிற மாதிரி. பேச்சிதான் இரண்டாம் கிளாசிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரிசையை ஒரே தட்டாகத் தட்டிக் கலைத்துவிட்டாள். சீனியம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள். யாரும் திட்டவில்லை. அவளும் ஒரு கை மணலை எடுத்துப் பேச்சி தலையில் போட்டாள். அன்றைக்கு இரண்டு பேர் தலையையும் கழுவி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து நான் சோறு கொண்டுபோனபோது வகுப்பில் மோர் நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பொடிசுகள் சுற்றி நின்றன. டீச்சரக்கா டம்ளரில் மோரைச் சாய்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"எதுல கூட இருக்கு?"

பொடிசுகள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து சீனியம்மா எழுந்தாள். நெடுநெடு என்று நின்றுகொண்டு, கண்ணில் அத்தனை குறும்போடு, உரக்கக் கத்தினாள்.

"உசந்த டம்ளர்லதான் டீச்சர் கூட இருக்கு!"

டீச்சரக்கா அவளையே பார்த்தார். உதடு துடித்தது. முதலில் ஒன்று, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று, அப்புறம் படபடவென்று விடாமல் சரவெடி. சீனியம்மா ஓடிவந்து கையை நீட்டினாள். டீச்சரக்கா சிரித்துக்கொண்டே பைக்குள் மிட்டாயைத் தேடினார்.